மலைநாட்டு மக்களும் உடல்நல உரிமையும்

அட்டனிலிருந்து நோர்வூட்டை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது டிக்கோயா. இப்பெயரைக் கேட்டவுடன் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது தேயிலையின் பசுமையும் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அழகுமேயாகும். ஆனால் சுற்றுத் தோட்டங்களில் வாழ்வோருக்கு அப்பெயர் மற்றொன்றையும் நினைவூட்டும். அது கிளங்கன் ஆஸ்பத்திரி என மக்கள் வழங்கும் வைத்தியசாலை. இந்தியாவின் நன்கொடையால் 150 படுக்கைகளுடன் எழுப்பப்பட்ட அதன் புதிய கட்டடத்தை 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார்.

நல்லதொரு வைத்தியசாலை எழுந்துவிட்டது. அதனால் அப்பகுதி மக்களின் உடல்நலம் நாட்டிலுள்ள ஏனையோரின் உடல்நலத்துக்கு ஒப்பாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் 1820களிலிருந்து இம்மலைகளுக்கு வந்தனர். முதலிற் கோப்பி, அது நோயால் அழிந்த பின் தேயிலை. நடந்து வந்தோர் வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாயினர். நோய் பரவுவதைக் கண்டு அஞ்சிய அரசாங்கம் 1872ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், பின்னர் 1912ஆம் ஆண்டில் விரிவான வேறொரு சட்டமும் இயற்றித் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கு வகை செய்தது. இது நன்மையே. எனினும் இவ்வேற்பாட்டினுள் ஒரு குறை ஒளிந்திருந்தது. தொழிலாளியின் உடல்நலம் பெரிதும் துரையின் பொறுப்பாயிற்று; அரசுக்கும் குடிமகனுக்கும் இடையேயுள்ள கடமையாக அது வளரவில்லை. தோட்டத்து மருந்துசாலையில் இருந்தவர் தோட்டத்திலேயே சம்பளம் பெற்றவர். ஒருவன் மலைக்குப் போகவியலாத நோயாளியா, அல்லனா என்பதைத் தீர்மானிப்பவர், அவன் மலைக்குப் போவதால் இலாபம் பெறுவோரின் கையாளாக இருந்தார். நோயாளி தன் நோயைக் கூறினால், அதைப் பொய்யென ஐயுறும் வழக்கம் இவ்வாறே வேரூன்றியது.

இதற்குத் தக்க சான்றொன்று உண்டு. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். இப்புழு பாதத்தின் வழியே உடலிற் புகுந்து, குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவது. மருந்து கொடுக்கப்பட்டது, புழு விழுந்தது, சின்னாட்களில் மீண்டும் பற்றியது. காரணம் யாது? லயங்களிற் போதிய மலகூடங்கள் இல்லை. வெறுங்காலுடன் நடப்போர் அதே மண்ணைத்தான் மிதிக்க வேண்டியிருந்தது. மருந்து செய்யக்கூடியது ஓரளவே. எஞ்சியதை வீடும் நீரும் நிலமுமே செய்தல் வேண்டும் என்பதை அப்புழு கற்பித்தது.

1948ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஏப்பிரலில் உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு நடைமுறைக்கு வந்தது. இனம், சமயம், அரசியற் கொள்கை, பொருளாதார நிலை என்னும் வேற்றுமையின்றி உயர்ந்த உடல்நலத்தைப் பெறுதல் ஒவ்வொரு மனிதனுக்கும் அடிப்படை உரிமை என்று அது அறிவித்தது. அதே ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்கு இல்லாதவன் வைத்தியசாலை கேட்டால் யார் செவிசாய்ப்பர்? நாட்டின் இலவச வைத்தியப் பணி கிராமந்தோறும் தழைத்து உலகோரின் பாராட்டைப் பெற்ற காலத்தில், தோட்டங்கள் அதன் ஓரத்திலேயே நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பின்னர் முன்னேற்றம் ஏற்படாமல் இல்லை. தோட்ட வைத்தியசாலைகளிற் சில அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. இன்று தோட்டத் தாய்மாருள் மிகப் பெரும்பாலோர் வைத்தியசாலையிலேயே பிள்ளை பெறுகின்றனர். ஆயினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு வெளியிட்ட உண்மை சிந்திக்கத்தக்கது. நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப்புறத்திலோ அது ஏறத்தாழ 32 சதவீதம். உயரம் குன்றுதல் ஒரு நாட் பசியின் விளைவன்று. தாயின் இரத்தச்சோகை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, அடுப்புப் புகை நிறைந்த ஒற்றைக் காம்பரா, குறைந்த கூலி ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து ஒரு குழந்தையின் எலும்பில் எழுதும் கணக்கு அது.

வைத்தியசாலை அருகிலிருந்தும் எட்டாதிருப்பது எவ்வாறு? ஒரு கொழுந்துத் தொழிலாளியின் நாளை எண்ணிப் பார்க்கலாம். விடியலிற் பிரட்டுக்குச் சென்று பெயர் பதிய வேண்டும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும். கிளினிக்குக்குச் சென்றாலோ அன்றைய கூலி முழுவதும் போயிற்று. மலைப்பாதையில் நடையும், பின்னர் பஸ் பயணமும் உண்டு. அங்கே வைத்தியர் பேசுவது புரியாத மொழியாக இருக்கக்கூடும். சத்திரசிகிச்சைக்கு முன் கையொப்பம் பெறும் தாளும் அம்மொழியிலேயே இருப்பின், அவள் அளிக்கும் சம்மதம் உண்மையிற் சம்மதமாகுமா? தமிழ் ஆட்சிமொழியென 1987ஆம் ஆண்டிலே அரசியலமைப்பில் ஏறிற்று. அது நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்தல் வேண்டும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணிபுரியத் தடையாயிருந்த சட்டமே 2018ஆம் ஆண்டிற்றான் திருத்தப்பட்டது.

இத்துன்பம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களும் இதனையொத்த வழக்கையே உலகின் முன் வைத்துள்ளனர். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1834ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டதும், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அவர்களுடைய இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் இந்தியக் கூலிகளே. அடிமையின் நிலையும் கூலியின் நிலையும் ஒன்றல்ல; ஆயினும் அவர்களை ஆண்ட கணக்குப் புத்தகம் ஒன்றே. ஐக்கிய நாடுகள் சபை 2015 முதல் 2024 வரையுள்ள பத்தாண்டுகளை ஆபிரிக்க வழிவந்த மக்களுக்குரியவையாக அறிவித்தது. 2025இல் இரண்டாவது பத்தாண்டும் தொடங்கியது. அங்கீகாரம், நீதி, வளர்ச்சி என்பன அதன் மூன்று நோக்கங்கள். பிரேசில் நாடு 2009ஆம் ஆண்டில் கறுப்பின மக்களின் உடல்நலத்துக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. பொதுச் சராசரி பின்தங்கியோரை மறைத்துவிடும். ஆதலால் அவர்களைத் தனியே எண்ணிக் கவனித்தல் வேண்டும் என்பது அங்கிருந்து நாம் பெறும் பாடம்.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் நால்வகையாலும் ஆவதே மருத்துவம் என்றார் வள்ளுவர். டிக்கோயாவில் வைத்தியன் உளன், மருந்து உண்டு. நோயாளி கூலியிழக்காமல் வருதற்கு வழியும், தன் மொழியிற் பேசும் துணையும் கிடைத்தாலன்றி அந்நான்கும் நிறைவு பெறா. இவை இரக்கத்தாற் கொடுக்கும் தருமம் அல்ல. இரு நூற்றாண்டுக் காலம் தம் உழைப்பால் ஒரு நாட்டின் செல்வத்தைப் பெருக்கிய மக்களுக்கு உரிய பங்கேயாகும். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வளரும் குழந்தையும் நகரத்துக் குழந்தையும் ஒரே அளவாக உயர்ந்து நிற்கும் நாளே, அப்பங்கு கொடுக்கப்பட்டது என்று சொல்லத்தக்க நாள்.