நமது ஊர்களும் வகுப்பறைக்குள் வரட்டும்

கடந்த மாரியில் ஒரு பின்னேரம். வலிகாமத்தில் நாம் நடத்தும் மாலை வகுப்பொன்றில் பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலை வாசித்துக்கொண்டிருந்தோம். தந்தையோடு பிணங்கி வீட்டைவிட்டு வெளியேறும் கதிராமன், காடு வெட்டித் தனக்கென ஒரு கமம் உண்டாக்க முனையும் பகுதி அது. பேத்தியைக் கூட்டிப்போக வந்து தாழ்வாரத்தில் குந்தியிருந்த முதியவர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார்.

“அது வன்னிச் சீர் பாதர். எங்கட பக்கத்தில காடெங்க கிடக்கு? கல்லை உடைச்செல்லோ கிணறு வெட்டினனாங்கள்!”

1990இல் வசாவிளானிலிருந்து உடுத்த துணியோடு வெளிக்கிட்டவர் அவர். துலா மிதித்தது, பட்டை பிடித்தது, புகையிலைக்குக் குழை தாழ்த்தது என்று அரை மணித்தியாலம் பேசினார். துலாவைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினர். பேத்திதான் கூடுதலாக எழுதினாள். “அப்பு இதொண்டும் எனக்குச் சொல்லேல்லை” என்றாள். கேட்டால்தானே சொல்வதற்கு! கேட்க வைத்தது அந்த நாவல்.

‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பே கதை நிகழும் களம். 1984இல் அந்த ஊர் மக்களும் வேரோடு பெயர்க்கப்பட்டனர். ஊர் வெறுமையாகிக் கிடந்த காலத்திலும் அதன் பேச்சும், காடும், குளத்துத் தண்ணீரும் நூலுக்குள் அழியாமல் இருந்தன. காணியை இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடநூல் எதுவென்று எமக்குத் தெரியவில்லை.

ஆயினும் பாடசாலைகளில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. நாம் அணுகிய அதிபர் ஒருவர், “சோதினைக்கு வராத புத்தகத்துக்கு எங்கே நேரம்?” என்று கேட்டார். அவரை நோகவும் முடியாது. பெறுபேறு குறைந்தால் முதலில் கேள்வி கேட்பவர்கள் பெற்றோராகிய நீங்கள்தானே. கம்பனும் குறளும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவியை (1927–1971) அளவெட்டிக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை அறியாமற் பள்ளி முடிப்பது அழகல்ல.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை (1972) வகுப்பிற்குக் கொண்டுபோனபோது சில பெற்றோர் முகஞ் சுளித்தனர். “பழசை ஏன் கிளறுவான்?” என்றனர். சாதி பழைய கதையா? முகாமில் ஒரே குழாயடியில் வரிசையில் நின்றபோதும் யார் முதலில் நிரப்புவது என்ற சண்டையில் அது தலைகாட்டியதை நாம் கண்டோம். எமது இலக்கியம் என்று சொன்னால் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் மறிக்கப்பட்டவர்களின் கதையும் அதற்குள் அடக்கம். அந்த நாவலை நாம் நிறுத்தவில்லை. இரண்டு பிள்ளைகள் வரவில்லை. ஒருவன் பின்னர் திரும்பி வந்தான்.

நூல்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 1981இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது புத்தகப் பெட்டியைத் தூக்கியவர் எத்தனை பேர்? ஆனால் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் காசின்றி வாசிக்கலாம். பிள்ளையின் கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம். பாட்டுப் பார்க்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் பழைய ‘மல்லிகை’ இதழோ, அட்டை கிழிந்த நாவலோ இருந்தால் மாலை வகுப்பிற்குக் கொடுத்தனுப்புங்கள். படி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். வசாவிளான் அப்பு இப்போது வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு வந்துவிடுகிறார். கதிராமனின் வயல் விளைந்ததா என்று அவருக்கு அறியவேண்டுமாம்.