பேத்தியின் காதில் என்ன மிச்சம்?

நீர்வேலியிலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகனும் மருமகளும் இந்தியாவில், ஒடிசாவிலுள்ள இல்லமொன்றிலிருந்து பெண்பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்கிறார்கள். பிள்ளைக்கு 2 வயது. பத்திர வேலைகள் முடிகிற கட்டத்தில் இருக்கின்றன. கூட்டிவந்து சில மாதத்தில் ஊருக்கும் கொண்டுவந்து காட்டுவார்களாம். "பிள்ளை இவ்வளவு நாளும் கேட்டது ஒடியா. இனி வீட்டில தமிழ், வெளியில இங்கிலிஷ். முந்திக் கேட்டதெல்லாம் அழிஞ்சு போகுமோ? எங்கட தமிழ் அவளின்ர வாயில சரியா வருமோ?" என்று கேட்கிறார். கைபேசியில் வந்த ஒரு செய்தியையும் அச்செடுத்து இணைத்திருக்கிறார். மூன்று வயதோடு மூளையில் மொழிக் கதவு அடைபட்டுவிடும் என்று பயங்காட்டுகிறது அது. கீழே ஒரு வகுப்பின் விளம்பரம், மாதக் கட்டணத்தோடு.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கம்: வரும். அந்த வயதில் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் சற்றுப் பிந்தினாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். விளம்பரத்தைக் கிழித்துப் போடலாம்.

முதல் கேள்விதான் ருசியானது. அதற்கு விடை தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் மட்டுமே கிடைக்கும். குடும்பத்தோடு வெளிநாடு போன பிள்ளைக்குத் தாய்மொழி வீட்டில் கொஞ்சமாவது காதில் விழுந்துகொண்டிருக்கும். தத்துப்பிள்ளை விமானம் ஏறிய அன்றோடு ஒரு மொழி அடியோடு நின்றுபோகிறது. எந்த ஆய்வாளரும் வேண்டுமென்று செய்யமுடியாத, செய்யவும் கூடாத பரிசோதனை அது.

அதன் முடிவுக்கு முன் ஒலியைக் கொஞ்சம் பார்ப்போம். பத்து, பற்று, பட்டு. மெல்லச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி முதலில் பல்லில் முட்டும், அடுத்ததில் பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில், கடைசியில் மடங்கி அண்ணத்தில். மூன்றையும் மூன்றாகச் சொல்லுவது யாழ்ப்பாணத்து வாய். தமிழ்நாட்டுப் பேச்சில் நடுவிலுள்ளது பெரும்பாலும் உருமாறிவிட்டது. (பெருமைப்பட்டுக்கொள்ளுமுன் ஒன்று: மேடையில் ழகரத்தைப் போற்றும் நாம் நீர்வேலிச் சந்தையில் வாளைப்பளம்தான் வாங்குகிறோம்.) நாக்கு நகரும் தூரம் சில மில்லிமீற்றர். அடைப்புத் திறந்தபின் சில பத்து மில்லிசெக்கனுக்குள் வேறுபாடு காதுக்கு வந்து முடிந்துபோகும். கண் இமைப்பதற்குக்கூட அதைவிட நேரம் வேண்டும்.

கனடாவில் ஜனற் வெர்க்கரும் றிச்சர்ட் ரீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சில மில்லிசெக்கனைத்தான் பிடித்துக்கொண்டது. அவர்கள் எடுத்த ஒலிகளில் இந்தியின் த, ட இரண்டும் இருந்தன. குழந்தை தாயின் மடியில் இருக்கும். ஒலிபெருக்கி ட, ட, ட என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். திடீரென்று த. அந்தக் கணத்தில் தலையைத் திருப்பினால் பக்கத்துப் பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். சில தடவையில் பிள்ளை விளையாட்டைப் பிடித்துவிடும்: சத்தம் மாறினால் பொம்மை. தாய்க்கும் பக்கத்திலிருக்கும் ஆய்வாளருக்கும் காதில் பாட்டு மாட்டிவிடுவார்கள், தங்களை அறியாமல் தொடையை அசைத்துப் பிள்ளைக்குச் சாடை காட்டிவிடக்கூடாதென்று. குழந்தை மூளை பற்றி இன்று விற்கப்படும் சரக்குகளில் இந்த அளவு சந்தேகபுத்தி இருந்தால் பாதி சந்தைக்கே வராது.

இங்கிலிஷ் வீட்டுப் பிள்ளைகளில் 6 முதல் 8 மாதத்தவர்கள் பெரும்பாலும் திரும்பினார்கள். 10 முதல் 12 மாதத்தவர்கள் அநேகமாகத் திரும்பவில்லை. இந்தி கேட்டு வளரும் பிள்ளைகள் ஒரு வயதிலும் திரும்பினார்கள்.

இடைப்பட்ட மாதங்களில் காது கெட்டுப்போகவில்லை. அதே ஆய்வாளர்கள் ஒலியை நறுக்கி, பேச்சென்றே தோன்றாத துண்டாகப் போட்டபோது இங்கிலிஷ் பெரியவர்களுக்கும் வேறுபாடு கேட்டது. இது பேச்சு என்று மூளை முடிவுகட்டிய பிறகுதான் வேறுபாடு தள்ளுபடியாகிறது. அந்த முடிவு எப்படி வருகிறது என்பதற்கு இப்போதுள்ள விளக்கம் எனக்கு அலுக்காத ஒன்று: பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறது. தமிழோ இந்தியோ பேசும் வீட்டில் காதில் விழும் த, ட ஒலிகளை நாக்குப் படும் இடத்தின்படி அடுக்கினால் அவை தனித்தனிக் குவியல்களாகச் சேரும். இங்கிலிஷ் வீட்டில் நடுவே ஒரே குவியல். பல குவியல் கேட்ட பிள்ளை இடையே கோடு கிழிக்கிறது. ஒரு குவியல் கேட்ட பிள்ளைக்குக் கோடு எதற்கு? 2002இல் ஜெசிக்கா மே என்பவரும் வெர்க்கரும் சேர்ந்து இதை ஆய்வுகூடத்திலேயே செய்துகாட்டினார்கள். ஒலிகள் வந்துவிழும் எண்ணிக்கையை மாற்றிச் சில நிமிடம் கேட்கவைத்தார்கள். 6, 8 மாதப் பிள்ளைகளின் கேட்கும் விதமே மாறியது. யாரும் படிப்பிக்கவில்லை, பரிசு கொடுக்கவில்லை.

ஆகவே இரண்டு வயதில் வரப்போகும் பேத்தி வெறுங்கையோடு வரவில்லை. ஒடியாவில் த, ட உண்டு. ணகரமும் ளகரமும் உண்டு. தமிழுக்கு வேண்டிய கடினமான கோடுகள் பல ஏற்கெனவே கிழித்தாயிற்று. புதிதாகப் பிடிக்கவேண்டியது 'பற்று'வின் நடு ஒலி போன்ற சில. தமிழில் வேலையில்லாமல் போகப்போவது மூச்சை உதறிச் சொல்லும் ஒலிகள்: சாதாரணக் ககரத்தையும் மூச்செறிந்து சொல்லும் ககரத்தையும் ஒடியா வேறு எழுத்தாக வைத்திருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று.

வேலையில்லாமல் போன கோடு அழியுமா? 2003இல் பாரிஸில் கிறிஸ்தோஃப் பல்லியே குழுவினர், 3 முதல் 8 வயதில் கொரியாவிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்களுக்குப் போய் வளர்ந்துவிட்ட 8 பேரை ஸ்கானுக்குள் படுக்கவைத்துக் கொரிய மொழி போட்டார்கள். கொரியம் என்று அவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. மூளையிலும் மற்றப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வேறுபாடு காணவில்லை. அழிந்தது என்று கோப்பு மூடப்பட்டது.

அதைத் திறந்தவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். ஞாபகமிருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, மறுபடி கற்கவைத்துப் பார்த்தார்கள். லெஹர் சிங் என்பவரின் குழு 2011இல் சோதித்தது, இந்தியாவில் பிறந்து அமெரிக்கக் குடும்பங்களில் வளரும் 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை. ஒலி நம்முடைய த, ட. முதல் சுற்றில் அமெரிக்கப் பிள்ளைகளைப் போலவே இவர்களுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரப் பயிற்சிக்குப் பிறகு இந்தியப் பிள்ளைகள் பிரித்துக் கேட்டார்கள். மற்றவர்களால் அப்போதும் முடியவில்லை. 2017இல் ஜியூன் சோய், மிரியம் புரூர்ஸ்மா, ஆன் கட்லர் மூவரும் நெதர்லாந்தில் வளர்ந்த கொரியப் பிறப்பினர் 29 பேருக்குச் சுமார் இரண்டு வாரம் கொரிய ஒலிப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாரும் பெரியவர்கள். நெதர்லாந்தில் பிறந்தவர்களைவிட இவர்கள் வேகமாகத் தேறினார்கள். அதிசயம் அடுத்ததில்தான் இருக்கிறது: 6 மாதத்துக்கு முன்பே போனவர்களும் 17 மாதத்துக்குப் பின் போனவர்களும் ஒரேயளவு தேறினார்கள். ஒரு சொல்லும் பேசியிராத, பொம்மைப் பரிசோதனைப்படி இன்னும் கோடே கிழித்திராத கைக்குழந்தையிடம் அந்த மிச்சம் இருந்திருக்கிறது.

நீர்வேலிக்காரருக்கு இதை வாழையை வைத்துச் சொல்லலாம். குலை வெட்டியதும் மரத்தைத் தறித்துவிடுகிறோம். மரம் என்று நாம் சொல்லுவது இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிய உருளை. மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. சொல்லும் வசனமும் அந்த உருளை. பல்லியே தேடியது அதை, கண்டது வெறுந்தரையை. ஒலிக் கோடுகள் கிழங்கு. சிங்கும் சோயும் தண்ணி விட்டுப் பார்த்தார்கள், குருத்து வந்தது. தறித்த அடிக்குப் பக்கத்திலேயே புது மொழியைக் குட்டியாக நட்டு, அது குலை தள்ளும் மட்டும் பழைய கிழங்கு மண்ணுக்குள் பேசாமல் கிடந்ததென்றுகூட இழுக்கலாம். அதற்குமேல் இழுத்தால் அறும். வாழைக்குட்டி தன்பாட்டில் வளர்ந்து தாயைப் போலவே குலை போடும். மொழிக் குருத்துக்குக் கூட இருந்து பேச ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இலையோடு நின்றுவிடும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2014இல் மொன்றியலில் ஒரு குழு, சுமார் ஒரு வயதில் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டுப் பிரெஞ்சு மட்டும் பேசும் சிறுமிகளுக்குச் சீனத்தின் ஏற்ற இறக்கச் சுரங்களைப் போட்டது. சீனம் தெரிந்தவர்களின் மூளை போலவே இடப்பக்கம் வேலை செய்தது. உடனே, மூளை தாய்மொழியை மறப்பதேயில்லை என்று உலகமெங்கும் தலைப்புகள். அந்தச் சிறுமிகளுக்கு ஒரு சீனச் சொல்லும் விளங்காது என்ற செய்தி தலைப்பில் இடம்பெறவில்லை. மிச்சமிருப்பது ஒலிகளைப் பிரிக்கும் சிறு சலுகை. அதை மொழி என்று விற்பவரும், மூன்று வயதுக் கதவை விற்பவரும் என் கணக்கில் ஒரே கடைக்காரர்.

சரித்திரத்தைச் சொல்லாமல் தாண்டலாம் என்றுதான் நினைத்தேன். இலங்கையில் இருந்துகொண்டு அது சரியல்ல. இந்த நாடு ஒரு காலத்தில் பிள்ளைகளை அனுப்பிய நாடு. 1980களில் உச்சத்துக்குப் போன வெளிநாட்டுத் தத்தில் ஐரோப்பாவுக்குப் போனவர்கள் 11,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில் 881 பேர். பொய்ப் பத்திரங்களும், தாயாக நடித்துக் கையெழுத்திட்ட பெண்களும், பிள்ளை விற்ற தரகர்களும் இருந்தது 2017இல் நெதர்லாந்தின் செம்ப்லா தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பின் பரவலாகத் தெரியவந்தது. சுவிஸ் அரசு 2020இல் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தை இடைநிறுத்தியது. பிள்ளைகளைக் காக்கவென்று எழுதிய ஹேக் உடன்படிக்கை 1995 மே 1இல் நடைமுறைக்கு வந்தபோது முதல் மூன்று நாடுகளில் ஒன்று இலங்கை. அதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். இன்று நடுவயதில் தாயைத் தேடி வருகிறவர்களுக்கு மரபணுச் சோதனை இரத்த உறவைக் காட்டும். தொட்டிலில் கேட்டது சிங்களமா தமிழா என்பதை எச்சில் குப்பி சொல்லாது. பத்திரம் பொய்யென்றால் அதுவும் சொல்லாது.

இனி வாசகிக்கு. அம்மா, பேத்தியோடு தாராளமாகத் தமிழே பேசுங்கள். அவளுடைய ஒடியாச் சொற்கள் சில மாதத்தில் போய்விடும்; அதைப் பார்த்து ஒருவரும் பயப்பட வேண்டாம். அதுவரை பசி, நோவு, தண்ணி என்பவற்றுக்கு அவளுடைய சொல்லை மகனும் மருமகளும் தெரிந்துவைத்திருப்பது பிள்ளையின் அழுகையைக் குறைக்கும். ஒடியாவில் தண்ணிக்குப் பாணி என்பார்கள். தெரியாவிட்டால் நீர்வேலிக் குசினியில் பனம்பாணிப் போத்தலைத்தான் எடுத்து நீட்டுவீர்கள். அவளுக்கு 20 வயதாகிப் பழைய மொழியைப் படிக்க ஆசை வந்தால், உச்சரிப்பில் மற்றவர்களைவிடச் சற்று முந்துவாள். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

ஒன்று மட்டும் மகனிடம் இன்றே சொல்லுங்கள். ஒடிசா என்றால் ஒடியா என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அங்கே சந்தாளி, முண்டாரி, குயி என்று வேறு குடும்பத்து மொழிகள் பேசும் ஊர்கள் ஏராளம். பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயாக்கள் எந்த மொழியில் பேசினார்கள், எந்த மாதத்திலிருந்து பேசினார்கள் என்று இல்லத்தில் கேட்கட்டும். பத்திரத்தில் அதற்குக் கட்டமில்லாவிட்டால் பின்பக்கத்தில் எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வாங்கட்டும்.