மசோதா நடக்கும் வழி: வக்ஃபுத் திருத்தமும் தரங்கம்பாடிக் கரையும்

1845ஆம் ஆண்டில் டேனிய அரசர் தரங்கம்பாடியை, வங்கத்துச் செராம்பூருடன் சேர்த்து, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றார். அரசரைக் கட்டுப்படுத்தும் நாடாளுமன்றம் அன்று டென்மார்க்கிலேயே இல்லை. அது 1849ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தோடுதான் வந்தது. இன்று அதே கடற்கரையில் ஒரு பள்ளிவாசல் மனையின் நிலையை மாற்றும் சட்டம் இரண்டு அவைகளைக் கடந்தே வரவேண்டும். அவ்வழியில் எந்தத் திருப்பத்தில் நின்றால் நம் குரல் கேட்கும் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. 2024ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்த மசோதாவை அடியொற்றிச் சென்றால் அது விளங்கும்.

தரங்கம்பாடி, பொறையாறு, சங்கரன்பந்தல், திருக்களாச்சேரி எனத் தொடரும் இப்பகுதி பள்ளிவாசல்களும் தர்காக்களும் மையவாடிகளும் நிறைந்தது. நாடெங்கும் இத்தகைய பழந்தலங்கள் பலவற்றுக்கு எழுத்து ஆவணம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தொழுததும் அடக்கம் செய்ததுமே அவற்றின் சான்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, நெடுங்காலப் பயன்பாட்டால் அமைந்த வக்ஃபு என்று இதனை ஏற்றிருந்தது. 2024 ஆகஸ்ட் 8 அன்று அமைச்சர் கிரண் ரிஜிஜு மக்களவையில் அறிமுகப்படுத்திய மசோதா இந்த ஏற்பை நீக்க முனைந்தது.

திருத்த மசோதாவைப் படிப்பது தனிக்கலை. இன்ன பிரிவின் இன்ன உட்கூறு நீக்கப்படும் என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். அவ்வரி எதை அழிக்கிறது என்பது மூலச் சட்டத்தை அருகில் வைத்துப் படித்தால்தான் தெரியும். மசோதாவின் பின்னிணைப்பில் மூலச் சட்டத்தின் உரிய பகுதிகள் அச்சிடப்பட்டிருக்கும். நோக்கங்களும் காரணங்களும் என்ற அறிக்கையை மட்டும் படித்துவிட்டு மேடையேறுவோர் இப்பின்னிணைப்பைப் புரட்டுவதில்லை.

அறிமுகத்தையடுத்து மசோதா கூட்டு நாடாளுமன்றக் குழுவுக்குச் சென்றது. ஜகதாம்பிகா பால் தலைமையில் 31 உறுப்பினர்கள், தமிழகத்திலிருந்து ஆ.இராசாவும் எம்.எம்.அப்துல்லாவும் இடம்பெற்றனர். குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டு அறிவிக்கை வெளியிட்டது. தவணை பதினைந்து நாள். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கவேண்டும்; தமிழுக்கு அங்கே இடமில்லை. தமிழ் மட்டுமே அறிந்த ஒரு சிற்றூர் முத்தவல்லிக்கு இந்தப் பதினைந்து நாள் எப்படிப் போதும்? ஆயினும் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. செப்டம்பர் இறுதியில் குழு சென்னைக்கும் வந்து அமர்ந்தது.

அவை விவாதமே சட்டத்தின் சொற்களை வடிவமைக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் சொற்கள் மாறுவது பெரும்பாலும் குழு அறையில். பயன்பாட்டு வழி வக்ஃபு விஷயத்திலும் மாற்றம் அங்கேதான் நேர்ந்தது: புதிய சட்டம் நடைமுறைக்கு வருமுன் பதிவுசெய்யப்பட்டவை வக்ஃபாகவே நீடிக்கும், வழக்கில் உள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் நீங்கலாக, என்றொரு காப்பு வாசகம் சேர்ந்தது. குழு எண்ணிக்கை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று இதனால் கருதிவிடக்கூடாது. ஆளும் அணியினரின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சியினரின் 44 திருத்தங்களும் வாக்கெடுப்பில் வீழ்ந்தன. 2025 ஜனவரி 29 அன்று அறிக்கை 15க்கு 11 என்ற வாக்கில் நிறைவேறியது.

பிப்ரவரி 13 அன்று அறிக்கை இரு அவைகளிலும் வைக்கப்பட்டது. அதனோடு வரும் மசோதாப் பிரதியில் குழு சேர்த்த சொற்கள் அடிக்கோடிடப்பட்டும், விடுபட்ட இடங்கள் உடுக்குறியிடப்பட்டும் இருக்கும். ஆகஸ்ட் மாதப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் மாதச் சட்டத்தை விமரிசிப்பவர் இல்லாத வாசகத்தோடு மல்லுக்கட்டுகிறார். இதனை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 27 அன்று தமிழகச் சட்டமன்றம் மசோதாவை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. சமய அறநிலையங்கள் பொதுப் பட்டியலில் இருந்தாலும், மாநிலத் தீர்மானம் நாடாளுமன்ற வழியில் ஒரு படி ஆகாது. பின்னர் எல்லாம் விரைந்தன. மசோதா ஏப்ரல் 3 அதிகாலை மக்களவையில் 288க்கு 232 என்றும், மறுநாள் அதிகாலை மாநிலங்களவையில் 128க்கு 95 என்றும் நிறைவேறியது. 5ஆம் நாள் குடியரசுத் தலைவரின் இசைவு. 8ஆம் நாள் நடைமுறை. பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு நடக்கையில் உறுப்பினர் எவரும் திருத்தம் கொணரலாம். மயிலாடுதுறைத் தொகுதி வாக்காளர் தம் உறுப்பினரிடம் எழுத்து மூலம் கோரக்கூடிய கடைசிக் கட்டம் அது.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வக்ஃபுச் சட்டம் அரசு கொணர்ந்ததன்று. சையித் முஹம்மத் அஹ்மத் காஸிமி என்ற மக்களவை உறுப்பினர் 1952இல் தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்தார். 1954இல் அது சட்டமாயிற்று. இதுகாறும் அவ்வாறு நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் பதினான்கே. அவற்றுள் முதலாவது இதுவே.

சட்டம் அரசிதழில் வந்ததும் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடுகிறோம். பின்னரே விதிகள் வருகின்றன. நடைமுறையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. வக்ஃபுச் சொத்துக்களைப் பதிவேற்றும் மைய இணையவாயில் 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. தவணை ஆறு மாதம். மைய அரசின் விதிகள் ஜூலையில் வந்தன. காப்பு வாசகத்தில் உள்ள ‘பதிவுசெய்யப்பட்டவை’ என்ற ஒரு சொல், பதிவேட்டில் ஏறாத பழைய மையவாடிகளை வெளியே நிறுத்தியிருக்கிறது. செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய இடைக்கால ஆணையும் பயன்பாட்டு வழி வக்ஃபின் நீக்கத்தை நிறுத்தவில்லை. ஐந்தாண்டு இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்ற நிபந்தனையை மட்டும், அதனைத் தீர்மானிக்கும் முறைக்கு மாநில அரசுகள் விதி வகுக்கும்வரை நிறுத்திவைத்தது. ஆட்சியர் நிலைக்கு மேற்பட்ட அலுவலரின் அதிகாரங்கள் சிலவற்றையும் தடுத்தது. ஆகவே இந்நிபந்தனையைப் பொறுத்தவரை, தரங்கம்பாடி ஜமாஅத்தார் கவனிக்கவேண்டிய ஏடு தில்லியிலிருந்து வருவதன்று, சென்னையில் அச்சாகும் மாநில அரசிதழே.