மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைக்கான சான்றுகள் (இந்தியா)

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைக்கான சான்றுகள் என்பவை, இந்தியாவில் சாலை விபத்தொன்றில் காயமடைந்தவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் தமது கோரிக்கையை நிறுவுவதற்காக முன்வைக்கும் ஆவணங்கள், பொருட்கள், சாட்சியங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். இக்கோரிக்கைகள் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166 ஆம் பிரிவின் கீழ் தொடரப்படுகின்றன. விபத்து யாருடைய கவனக்குறைவால் நேர்ந்தது, காயம் எத்தகையது, அதனால் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு ஆகிய மூன்று கேள்விகளுக்கு இச்சான்றுகள் விடையளிக்க வேண்டும்.

சட்டப் பின்னணி

இழப்பீட்டு வழக்கு, குற்றவியல் வழக்கிலிருந்து வேறுபட்டது. குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். இழப்பீட்டு வழக்கில், கூறப்படும் நிகழ்வு நடந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதுமானது. உச்ச நீதிமன்றம் 2009 ஆம் ஆண்டிலும் பின்னர் 2019 ஆம் ஆண்டிலும் இக்கருத்தை வலியுறுத்தியுள்ளது. தீர்ப்பாயம் சட்டத்தின் 169 ஆம் பிரிவின்படி சுருக்கமான விசாரணை முறையைப் பின்பற்றலாம். எனினும், சான்று எதுவும் இல்லாமல் இழப்பீடு வழங்கப்படுவதில்லை.

2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இத்துறையில் பல மாற்றங்களைச் செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 166(3) ஆம் பிரிவு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கோரிக்கை மனு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்கிறது. இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. ஆயினும், சான்றுகள் காலப்போக்கில் அழியக்கூடியவை என்பதால், அவற்றை விரைந்து சேகரிப்பது எந்நிலையிலும் முக்கியமானதாகும்.

விபத்து நடந்த முறையைக் காட்டும் சான்றுகள்

காவல்துறை ஆவணங்கள்

முதல் தகவல் அறிக்கை இவ்வகையில் முதன்மையானது. விபத்தின் நாள், நேரம், இடம், வாகனப் பதிவு எண் ஆகியவை இதில் இடம்பெறும். இது தன்னளவில் முழுமையான சான்று அன்று. அதிலுள்ள செய்திகள் சாட்சியத்தின் மூலம் உறுதிப்படுத்தப்பட வேண்டும். காயமடைந்தவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே இயல்பு என்பதால், முறையான விளக்கம் இருப்பின், அறிக்கை பதிவு செய்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணமாகக் கொண்டு கோரிக்கையைத் தள்ளுபடி செய்யக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2011 இல் கூறியது.

பார்வை மகசர், விபத்து இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவை பிற காவல்துறை ஆவணங்கள். வாகனங்கள் எப்பக்கத்தில் மோதிக்கொண்டன, நிறுத்துகருவி சரியாக இயங்கியதா என்பன போன்ற கேள்விகளுக்கு வரைபடமும் ஆய்வாளர் அறிக்கையும் விடை தருகின்றன.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் அளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தமது வயது, தொழில், வருமானம், சிகிச்சை பற்றிய விவரங்களை இதற்கான படிவத்தில் காவல்துறைக்குத் தர வேண்டும்.

நேரில் கண்ட சாட்சிகளும் ஒளிப்படங்களும்

விபத்தை நேரில் கண்டவரின் சாட்சியம் மதிப்பு மிக்கது. அருகிலுள்ள கடைக்காரர், உடன் பயணித்தவர் முதலியோரின் பெயரும் தொடர்பு எண்ணும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளப்படாவிடில், பின்னர் அவர்களைக் கண்டறிவது கடினமாகும்.

கண்காணிப்புப் படக்கருவிகளின் பதிவுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தாமாகவே அழிந்து, புதிய பதிவுகளுக்கு இடமளிக்கின்றன. ஆகவே, அப்பதிவைப் பாதுகாக்குமாறு அதன் உரிமையாளருக்கும் காவல்துறைக்கும் எழுத்து மூலம் விரைவில் தெரிவிப்பது நன்று. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலுடன் உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. தீர்ப்பாயம் சான்றுச் சட்டத்தின் நுட்பங்களால் கண்டிப்பாகக் கட்டுப்படுவதில்லை எனினும், இச்சான்றிதழ் பதிவின் நம்பகத்தன்மை குறித்த மறுப்பைத் தவிர்க்க உதவும்.

காயத்தைக் காட்டும் சான்றுகள்

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு, காயத்தைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவாகும். காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதும் இதில் எழுதப்படும். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" எனத் தவறாக எழுதப்பட்டுவிட்டால், காயத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட அது இடமளிக்கும். காயச் சான்றிதழ், ஊடுகதிர்ப் படங்கள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பு, மருந்துச் சீட்டுகள், பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள் ஆகியவையும் தேவை.

நிரந்தர ஊனம் ஏற்பட்டிருப்பின் அதன் அளவைக் காட்டும் சான்றிதழ் வேண்டும். இது குறித்து உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றது. ஊனத்தின் விழுக்காடும், வருவாய் ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என அத்தீர்ப்பு விளக்கியது. எடுத்துக்காட்டாக, இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ ஏறத்தாழத் தமது வருவாய்த் திறன் முழுவதையும் இழக்கக்கூடும். அதே காயமடைந்த அரசு எழுத்தர் தமது பணியில் தொடர முடியும். எனவே, காயமடைந்தவர் எத்தொழில் செய்தார், அத்தொழிலை அவரால் இனிச் செய்ய இயலுமா என்பதற்கும் சான்று வேண்டும். சான்றிதழைத் தாக்கல் செய்வது மட்டும் போதாது. அதனை வழங்கிய மருத்துவர் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்பதும் இத்தீர்ப்பின் கருத்தாகும்.

இழப்பின் அளவைக் காட்டும் சான்றுகள்

வருமானத்துக்குச் சம்பளச் சான்றிதழ், வங்கிக் கணக்கேடு, வருமானவரி அறிக்கை ஆகியவையும், வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவையும் பயன்படுகின்றன. வயது முக்கியமானது. ஏனெனில், உச்ச நீதிமன்றம் 2009 இல் வகுத்த அட்டவணையின்படி ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் வயதைப் பொறுத்து மாறுபடும். 31 முதல் 35 வயது வரை இது 16; 51 முதல் 55 வயது வரை 11; 65 வயதுக்கு மேல் 5.

32 வயதுடைய ஒருவரின் வருவாய்த் திறனில் 40 விழுக்காடு குறைந்துவிட்டது எனக் கொள்வோம். அவருடைய மாத வருமானம் 15,000 ரூபாய் என நிறுவப்பட்டால், எதிர்கால வருவாய் இழப்பு 15,000 × 12 × 16 × 40/100 = 11,52,000 ரூபாய் ஆகும். சான்று இல்லாமையால் தீர்ப்பாயம் 9,000 ரூபாய் என மதிப்பிட்டால், இத்தொகை 6,91,200 ரூபாயாகக் குறையும். எதிர்கால வருமான உயர்வு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கூலித் தொழிலாளர்களிடமும் சிறு வணிகர்களிடமும் பெரும்பாலும் வருமான ஆவணங்கள் இருப்பதில்லை. இத்தகையோரிடம் ஆவணச் சான்றை எதிர்பார்க்க இயலாது என உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுள்ளது. 2011 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் ஒரு கூலித் தொழிலாளியின் மாத வருமானம் 4,500 ரூபாய் எனவும், 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் ஒரு காய்கறி வணிகரின் மாத வருமானம் 6,500 ரூபாய் எனவும் ஆவணமின்றியே கொள்ளப்பட்டன. இத்தகைய நிலையில் வேலை தந்தவர், உடன் தொழில் செய்வோர் ஆகியோரின் சாட்சியம் துணை செய்யும்.

எதிர்த்தரப்பின் மறுப்புகள்

வாகனத்தின் காப்பீடு விபத்து நாளன்று நடைமுறையில் இருந்ததா, ஓட்டுநருக்கு உரிய உரிமம் இருந்ததா ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனம் ஆராயும். காயமடைந்தவரும் விபத்துக்குக் காரணமானவர் என நிறுவப்பட்டால், அவரது பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறைக்கப்படும். எனினும், காயமடைந்தவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை என்பது மட்டுமே அவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதற்குச் சான்றாகாது என 2008 இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

கவனக்குறைவை நிறுவத் தேவையில்லாத நிலைகள்

சட்டத்தின் 164 ஆம் பிரிவின் கீழ், கவனக்குறைவை மெய்ப்பிக்காமலேயே இறப்புக்கு 5 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம் ரூபாயும் கோரலாம். மோதிய வாகனம் அடையாளம் காணப்படாவிடில், 161 ஆம் பிரிவின் கீழான திட்டத்தில் இறப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இவ்விரு நிலைகளிலும் விபத்து நடந்தது என்பதற்கும் காயத்தின் தன்மைக்கும் சான்று தேவை.

இவற்றையும் பார்க்கவும்

முதல் தகவல் அறிக்கை
மோட்டார் வாகனச் சட்டம், 1988
மூன்றாம் தரப்புக் காப்பீடு