கடலோரத்து அடையாளங்கள்

புது ஊருக்குப் போகிறோம். வழி கேட்கிறோம். “சினிமாக் கொட்டகைக்கு எதிரே” என்கிறார் ஒருவர். “மணிக்கூண்டைத் தாண்டி” என்கிறார் இன்னொருவர். கொட்டகை, மணிக்கூண்டு, கோயில், ஆலமரம் இவை எல்லாம் ஊரின் அடையாளங்கள். இவை வழி மட்டுமா காட்டுகின்றன? ஊரின் கதையையும் சொல்கின்றன. கடலோர ஊர்களில் சில அடையாளங்கள் உயிரையும் காக்கின்றன.

அந்தமான் தீவுகளின் தெற்கே சின்ன அந்தமான் என்ற தீவு இருக்கிறது. அதன் துறைமுக ஊர் ஹட் பே. ‘குடிசை விரிகுடா’ என்பது இந்தப் பெயரின் பொருள். தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரிலிருந்து கடல் வழியே சுமார் 120 கிலோமீட்டர் தூரம். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.

சின்ன அந்தமானின் பழங்குடிகள் ஓங்கே மக்கள். பிற்காலத்தில் வங்காளிகளும் நிக்கோபார் மக்களும் தமிழர்களும் தெலுங்கர்களும் வந்து குடியேறினார்கள். கப்பல் துறையே ஊருக்குத் தலைவாசல். துறையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்லியே ஊர்களை அடையாளம் காட்டுவது அங்கே வழக்கம்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் 6.30 மணி. சுமத்ரா தீவை ஒட்டிய கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் சுனாமி எழுந்தது. பல நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இறந்தார்கள். ஹட் பேயிலும் அலை புகுந்தது. கரையோர வீடுகளும் கடைகளும் அழிந்தன. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் உடைந்தது. ஊரின் பழைய அடையாளங்கள் பல ஒரே நாளில் போய்விட்டன.

ஆனால் அதே தீவில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் இருந்த ஓங்கே மக்கள் தப்பினார்கள். எப்படி? நிலம் நடுங்கியது. கடல் பின்வாங்கியது. உடனே அவர்கள் மேட்டுப் பகுதிக்குப் போய்விட்டார்கள். அது முன்னோர் வழியாக வந்த அறிவு. அவர்களிடம் புத்தகம் இல்லை, கல்வெட்டும் இல்லை. பெரியவர்கள் சொன்னதே அடையாளமாக நின்றது.

பெரிய நிக்கோபார் தீவின் தென்கோடியில் இந்திரா முனை இருக்கிறது. அங்கே 1972-இல் கலங்கரை விளக்கம் அமைத்தார்கள். 2004 நிலநடுக்கத்தில் அந்த இடமே சுமார் 4 மீட்டர் தாழ்ந்துவிட்டது. கரையில் இருந்த விளக்கின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. நிலம் எவ்வளவு இறங்கியது என்பதற்கு அந்த விளக்கமே சாட்சி.

தமிழ்நாட்டிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. அது தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் புயல் அந்த ஊரை அழித்தது. ரயில் ஒன்றும் கடலில் சிக்கியது. அதில் இருந்தவர்கள் இறந்தார்கள். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் அந்த இரவை இன்றும் நினைவூட்டுகின்றன.

ஜப்பானில் அனெயோஷி என்று ஒரு சிற்றூர். 1933-இல் சுனாமி அந்த ஊரை அழித்தது. தப்பியவர்கள் மேட்டில் ஒரு கல்லை நட்டார்கள். அதற்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்று அதில் எழுதினார்கள். பேரப் பிள்ளைகளும் அதை மதித்தார்கள். 2011 மார்ச்சில் மறுபடியும் சுனாமி வந்தது. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் தப்பின.

ஒரு கல் செய்த வேலையைப் பாருங்கள்!

ஹட் பேயில் இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் 2004-க்குப் பின் பிறந்தவர்கள். அந்த அலையை அவர்கள் பார்த்ததில்லை. கடலோர ஊர் எல்லாவற்றிலும் இதே நிலைதான். உடைந்த சுவரை இடித்துவிடுவார்கள். புதுக் கட்டடம் எழும். தண்ணீர் வந்த சுவடு மறையும். பிறகு பள்ளத்திலேயே வீடு கட்டத் தோன்றும்.

உங்கள் ஊர் கடலோரத்தில் இருக்கிறதா? அப்படியானால் பெரியவர்களைக் கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது? எந்த மேடு தப்பியது? எந்த வழியாக ஓடினார்கள்? கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஊரார் கூடி அந்த இடத்தில் ஒரு கல் நடலாம். பள்ளிச் சுவரில் ஒரு கோடு போடலாம். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

எழுதக் கற்றவர் ஊருக்குச் செய்யக்கூடிய நல்ல உதவி இது.