குடலைக் கழுவலாம்... குடியிருப்பவர்களைத் துரத்தலாமா?

பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு நாள் குறித்துவிட்டால், முந்தின நாள் சாயங்காலமே வேலை தொடங்கிவிடும். பாக்கெட் பவுடரை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று குடித்தாக வேண்டும். எலுமிச்சை வாசனை சேர்த்திருந்தாலும் உப்புக் கரிக்கும். நாலாவது டம்ளரில் குமட்டும். அதன்பின் கட்டிலுக்கும் கழிப்பறைக்குமாக நடைதான். தெளிந்த மஞ்சள் நீராகப் போகும்வரை விடாது.

பவுடரில் பெரும்பாலும் இருப்பது பாலிஎத்திலீன் கிளைகால். குடல் இதை உறிஞ்சாது. தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு, வழியில் இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு வெளியேறும். மலத்தோடு சேர்ந்து, பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் கூட்டங்கூட்டமாகப் போகின்றன. மனித உடலின் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி என்றால், அதற்குள் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்கிறது 2016-ல் வெளியான ஒரு கணக்கு. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்கி, பெருங்குடல் சுவருக்குச் சாப்பாடு போடுவது இவைதான்.

கழுவியபின் இவற்றின் கதி என்ன? ஆரோக்கியமான 23 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. குடல் சுத்தமான கையோடு பாக்டீரியா எண்ணிக்கை 31 மடங்கு சரிந்திருந்தது. ஐந்தில் ஒருவருக்கு, அவருக்கே உரிய பாக்டீரியாக் கலவை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. 14 நாளில் ஏறக்குறைய எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஆனால், ஆய்வில் கொடுத்த இரண்டு லிட்டர் கரைசலையும் ஒரே தவணையில் குடித்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். லிட்டர் லிட்டராகப் பிரித்துக் குடித்தவர்களுக்குக் குறைவு. மாலையில் பாதி, மறுநாள் காலையில் பாதி என்று குடித்தால் குடலும் நன்றாகச் சுத்தமாகும். இந்த வசதி உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

'இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறதே, பிறகென்ன கவலை' என்று கேட்கும் மருத்துவர்கள் உண்டு. பரிசோதனைக்காக ஒருமுறை கழுவுவதற்கு அது சரியான பதில்தான். குடல் சுத்தமில்லை என்றால் குடல் சுவரில் முளைக்கும் 'பாலிப்' என்ற சிறு கட்டி, அதுவும் தட்டையானது, கேமராவுக்குத் தப்பிவிடும். இன்று தப்பிய பாலிப் நாளை புற்றுநோயாகலாம். நுண்ணுயிருக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுவது கூடவே கூடாது.

பரிசோதனையே இல்லாமல் குடலைக் கழுவுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. 'டீடாக்ஸ்' பவுடர், வயிறு குறைக்கும் டீ, குடல் நச்சு நீக்கும் சூரணம் என்று கைபேசியைத் திறந்தாலே விளம்பரம். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குடலில் வருடக்கணக்காக நச்சு ஒட்டிக்கிடக்கிறது என்பது வெறும் கதை. குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

அடிக்கடி கழுவினால் என்ன ஆகும்? 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், எலிகளுக்குச் சில நாள் தொடர்ந்து இதே பாலிஎத்திலீன் கிளைகால் கொடுத்தார்கள். குடல் சுவரைக் காக்கும் சளிப்படலம் சேதமானது. அதுவரை ஏராளமாக இருந்த ஒரு பாக்டீரியாக் குடும்பம், பேதி நின்ற பிறகும் திரும்பவில்லை. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் விளம்பரத்தை நம்பி அந்தச் சோதனையை நம் வயிற்றில் நடத்திப் பார்க்க வேண்டுமா? பேதியில் சோடியமும் பொட்டாசியமும் இறங்குவது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கும் உயிராபத்தாகவே முடியலாம்.

கொலோனோஸ்கோபி முடித்து வீடு திரும்பியவர்கள் முதலில் இட்லி, கஞ்சி என்று எளிதாகச் சாப்பிடட்டும். மருத்துவர் வேறு பத்தியம் சொல்லாவிட்டால் அடுத்தடுத்த நாட்களில் கீரை, பயறு, வாழைப்பழம் என்று நார்ச்சத்தைக் கூட்டலாம். நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் தீனி. அவற்றையும் சேர்த்துக் கொல்லக்கூடிய ஆன்டிபயாடிக்கை மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அந்தப் பவுடரைக் கடைசிச் சொட்டுவரை குடியுங்கள். விளம்பரம் சொன்னால் தொடவே தொடாதீர்கள்.