நிறம் டப்பாவின் அடியில் இருக்கிறது

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் வடகரப்பதி ஊராட்சி இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். இரண்டு மாவட்டங்களிலும் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகள் உண்டு. படிகளில் சின்னச் சின்னப் பொம்மைகள் வரிசையாக நிற்கும்.

பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகே உள்ள விளாச்சேரி ஆகியவை பொம்மைக்குப் பேர்போன ஊர்கள். களிமண்ணையோ காகிதக் கூழையோ அச்சில் அழுத்திப் பொம்மை எடுக்கிறார்கள். நன்றாகக் காய வைக்கிறார்கள். முதலில் வெள்ளை பூசுகிறார்கள். அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள்.

வண்ணம் தீட்டுவதை வீட்டில் இருந்தே செய்யலாம். பழைய பொம்மைக்குப் புது வண்ணம் தீட்டுவதும் ஒரு தொழில்தான். கேரளத்தில் 1998இல் குடும்பஸ்ரீ தொடங்கியது. அதன் அயல்கூட்டப் பெண்கள் பல சிறுதொழில்கள் செய்கிறார்கள். அவர்களுக்கும் இந்த வேலை ஏற்றது.

ஆனால் பூசிய வண்ணம் கையில் ஒட்டினால் யார் வாங்குவார்கள்? பொம்மை திரும்பி வரும். உழைப்பு வீணாகும். வண்ணத்தைச் சரியாகக் கலக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பெயிண்டில் மூன்று பொருள்கள் முக்கியம். ஒன்று, நிறப்பொடி. இது நிறம் தரும். இரண்டு, பசை. இது பொடியைப் பொம்மையில் பிடித்து வைக்கும். மூன்று, தண்ணீர் அல்லது டர்பெண்டைன் போன்ற திரவம். இது பூசுவதற்கு இளக்கம் தரும். பிறகு ஆவியாகிவிடும்.

கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தால் மாவு அடியில் தங்கும். நிறப்பொடியும் அப்படித்தான். கனமான பொடி அடியில் இறங்கிவிடும். பசையும் திரவமும் மேலே நிற்கும்.

மேலாக எடுத்துப் பூசினால் நிறம் ஏறாது. உள்ளே உள்ள வெள்ளை தெரியும். அடியில் மிஞ்சியதைப் பூசினால் பொடி அதிகம், பசை குறைவு. காய்ந்ததும் மாவு போல உதிரும்.

கலக்கும் முறை

முதல் நாள் இரவே மூடியை இறுக்கி, டப்பாவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் நிமிர்த்தித் திறக்க வேண்டும். மேலே நிற்கும் திரவத்தில் பாதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைக்க வேண்டும். தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டி, கட்டிகளை நசுக்க வேண்டும். பிறகு ஊற்றி வைத்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளற வேண்டும். வேகமாக அடித்தால் நுரை வரும். கட்டி மிச்சம் இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டலாம்.

சின்னப் பொம்மையில் கண்ணும் மூக்கும் மிகச் சிறியவை. கெட்டியாகப் பூசினால் அவை மறைந்துவிடும். மெல்லியதாக இரண்டு முறை பூசுவதே நல்லது. முதல் பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. இளக்குவதற்குத் தண்ணீரைத் துளித் துளியாகச் சேர்க்க வேண்டும். அதிகமானால் வண்ணம் பிடிக்காது. எண்ணெய் பெயிண்டில் தண்ணீர் சேர்க்கவே கூடாது.

புது நிறம் உண்டாக்க

வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும். கிருஷ்ணர் பொம்மைக்கு வெளிர் நீலம் வேண்டும் என்றால், வெள்ளையில் சில துளி நீலம் போதும். நீலத்தில் வெள்ளையைச் சேர்த்தால் நிறைய வெள்ளை செலவாகும்.

காய்ந்ததும் நிறம் சற்று மாறும். உடைந்த ஓட்டில் பூசி, காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். ஒரு வரிசைப் பொம்மைகளுக்கு வேண்டியதை ஒரே முறையில் கலக்க வேண்டும். மறுபடி கலந்தால் அதே நிறம் வருவது கடினம்.

ஈயம் ஒரு நஞ்சு

சில பெயிண்டுகளில் ஈயம் சேர்ந்திருக்கும். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு எண்ணெய் பெயிண்டுகளில் அதிகக் கவனம் வேண்டும். குழந்தை பொம்மையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சொல்கிறது.

இந்திய அரசு 2016இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. வீட்டுப் பெயிண்டின் 10 லட்சம் பங்கில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இதை டப்பாவின் மேல் அச்சிட வேண்டும். வாங்கும் முன் 90 என்ற எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும். பெயர் எழுதாத டப்பாவில் விற்கும் பெயிண்டை வாங்கக் கூடாது.

பழைய பொம்மையை உப்புத்தாளால் தேய்க்கும்போது தூசி பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. சமையல் பாத்திரத்தில் பெயிண்ட் கலக்கக் கூடாது. தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. பெயிண்டை மேலாக எடுத்துப் பூசினால் நிறம் ஏன் ஏறுவதில்லை?
2. வெள்ளையில் நீலமா, நீலத்தில் வெள்ளையா? எது சிக்கனம்?
3. உங்கள் வீட்டுப் பெயிண்ட் டப்பாவில் ஈயம் பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது?